நாற்பத்தெட்டு இலக்கச் சாவியும் இராமநாதபுரத்துக் கணினிக் கடையும்

இராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் இருக்கும் சிறிய மடிக்கணினிப் பழுது பார்க்கும் கடை ஒன்றின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை.

எங்கள் வீடு கீழக்கரையில் கடலை ஒட்டி இருக்கிறது. உப்புக் காற்றில் மடிக்கணினியின் மதர்போர்டு அரித்துப் போனதால், வேறோர் ஊரில் ஒரு கடையில் கொடுத்துப் போர்டை மாற்றினோம். திரும்பி வந்த கணினி விண்டோஸுக்குள் நுழையாமல், நீலத் திரையில் பிட்லாக்கரின் (டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. நான் முன்பே அச்சிட்டுப் பத்திரப்படுத்தியிருந்த தாளைப் பார்த்து மூன்று முறை நிதானமாகத் தட்டியும் அது ஏற்கவில்லை. போர்டை மாற்றியவர், ஃபார்மேட் செய்துவிடலாம் என்றார். என் பாட்டனார் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய குறிப்பேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து அந்த டிரைவில்தான் வைத்திருந்தேன்; மூல ஏடுகளில் பாதி செல்லரித்துவிட்டன. ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டதும் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இராமநாதபுரத்துக் கடையில் இருந்த இளைஞர் என் தாளைக் கையில் வாங்கவே இல்லை. “லாத்தா, எண்களைப் பிறகு பார்ப்போம், முதலில் திரையில் இருக்கும் ஐடியைப் படியுங்கள்” என்றார். சாவி கேட்கும் திரையிலேயே அந்தச் சாவிக்குரிய ஐடியும் வருகிறது. அதன் முதல் 8 எழுத்துகள் கையிலிருக்கும் சாவியின் ஐடியோடு பொருந்தினால்தான் தட்டுவதில் பயனுண்டு. என் தாளில் இருந்த ஐடி வேறு. இரண்டாண்டுகளுக்கு முன் விண்டோஸைப் புதிதாக நிறுவியபோது டிரைவ் மறுபடியும் குறியாக்கம் செய்யப்பட்டு, புதிய சாவி உருவாகியிருந்தது. நான் காத்து வைத்திருந்தது இல்லாத பூட்டின் சாவி. இதுவரை கேட்காமல் திறந்த கணினி இப்போது ஏன் கேட்கிறது என்பதற்கும் அவரே விளக்கம் தந்தார். அன்றாடம் டிரைவைத் திறந்துவிடும் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு பழைய போர்டோடு போய்விட்டது. புதிய போர்டுக்கு இந்த டிரைவைத் தெரியாது. போர்டைக் கழற்றுவதற்கு முன் சாவி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியது முதல் கடையின் கடமை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

சாவி கிடைக்காவிட்டால் தாமும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் புதிய சாவி தர இயலாது என்பதைப் பணம் பேசுவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். அப்படி நேர்ந்தால் புதிய எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுக்கொண்டு, இந்த டிரைவை அழிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள், சாவி என்றாவது அகப்படலாம் என்றார். அந்தக் கடையின் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான்.

விண்டோஸை நிறுவியபோது யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்கள் என்பது அவருடைய அடுத்த கேள்வி. துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) விடுமுறைக்கு வந்திருந்தபோது தம் கணக்கில்தான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்திருந்தார். அவரை அழைத்தோம். கணக்கின் மீட்புச் சாவிப் பக்கத்தில் மூன்று சாவிகள் இருந்தன. ஒன்றின் ஐடி எங்கள் திரையோடு பொருந்தியது. காக்கா அதைக் கையால் எழுதிப் படம் பிடித்து என் கைப்பேசிக்கு அனுப்பினார். கடையின் எண்ணுக்கு அனுப்ப வேண்டாம் என்று அந்த இளைஞரே தடுத்துவிட்டார்.

ஆனாலும் ஐந்தாம் தொகுதியில் பிழை காட்டியது. இங்கே அவர் செய்ததைப் பார்த்து வியந்தேன். ஆறு இலக்கங்களாகப் பிரிந்த 8 தொகுதிகளும் தனித்தனியே 11ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். எந்தத் தொகுதியும் 720885ஐத் தாண்டாது. எடுத்துக்காட்டாக, 275891 வகுபடும், கடைசி 1ஐ 7 என்று படித்து 275897 ஆக்கினால் 6 மீதம் வரும். கைப்பேசிக் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்து, காக்காவின் கையெழுத்தில் ஏழு போலத் தெரிந்த ஓர் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். திருத்தித் தட்டியதும் டிரைவ் திறந்தது. பாட்டனாரின் ஏடுகள் ஒரு பக்கமும் குறையாமல் இருந்தன.

முதலில் கோப்புகளை வெளி டிரைவில் பிரதி எடுத்தார். பின்னர் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி மறுபடி இயக்கி, புதிய போர்டின் டிபிஎம்மோடு இணைத்தார். கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டுக் காட்டி, சாவியை ஐடியோடு சேர்த்து என்னையே எழுதிக்கொள்ளச் செய்தார். கட்டணம் 500 ரூபாய்.

குறை ஒன்று உண்டு. ரசீதில் “சர்வீஸ்” என்ற ஒரே சொல்தான் இருந்தது. என்ன பழுது, என்ன செய்யப்பட்டது, எந்தத் தேதியில் என்பதை எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த முறை வேறொருவர் பழுது பார்க்கும்போது உதவியாக இருந்திருக்கும். அதை அவரிடம் சொன்னேன். ரசீதைத் திரும்ப வாங்கி, அதன் பின்புறத்தில் நான்கு வரிகள் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.