ஆறு வருட கிரைண்டரும் மூன்றாவது ஓட்டையும்

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, உங்க வீட்டு கிரைண்டர் எப்படி இருக்கு? ஆடித் தள்ளுபடியில அதே மாடலை விலை குறைச்சுப் போட்டிருக்காங்க, வாங்கலாமா?" அது ரிப்பேர் கடையிலிருந்து வீடு திரும்பி அன்றைக்கு மூன்றாவது நாள். "மாவு நல்லா வரும்" என்று மட்டும் சொன்னேன். மீதியை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அந்த மீதி இதுதான்.

இரண்டு லிட்டர், சாய்த்து ஊற்றுகிற மாடல், கோயம்புத்தூர் தயாரிப்பு. இதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். மாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊறிய உளுந்தைப் போட்டு, ஜில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து விட்டால் அரை மணி நேரத்தில் பொங்கி விளிம்பு வரை வந்துவிடும். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிவிடும், இதில் அந்தத் தொல்லை கிடையாது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட இட்லி என் மானத்தை வாங்கியதில்லை.

ஆனால் கிரைண்டர் ஷாக் அடித்தது. மூன்று வருடமாக அடித்தது.

முதலில் ஒரு ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. மாவை ஒதுக்கிவிடும்போது ஈரக்கை ஸ்டீல் பாடியில் பட்டதும் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. பிரமை என்று விட்டுவிட்டேன். மறுவாரம் புறங்கையால் பாடியை லேசாகத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய ஸ்டீல், உள்ளே வண்டு அடைபட்ட மாதிரி நடுங்கியது. வீட்டுக்காரர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். உள்ளே சின்னதாகச் சிவப்பு தெரிந்தது.

அதற்கு என் மாமியார் சொன்ன வைத்தியம் மணை. மரப்பலகை மேல் ஹவாய் செருப்போடு நின்று அரைத்தால் ஒன்றும் செய்யாது என்றார். உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. வினை அங்கேதான். வலி தெரியாததால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். சமையலறையில் மணை, மணைமேல் செருப்பு, செருப்புமேல் நான். இதைக் குடும்ப வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். விருந்தாளி யாராவது உதவிக்கு வந்தால், "அதைத் தொடாதீங்க, அது கொஞ்சம் கடிக்கும்" என்று நாயைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்வேன்.

இடையில் ஒரு தடவை கடைக்குக் கொடுத்தோம். மெக்கானிக் சீரிஸ் விளக்கு, அதாவது கசிவைச் சோதிக்கிற பல்பு, வைத்துப் பார்த்தார், எரியவில்லை. ஓட்டிக் காட்டி, என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன், ஒன்றும் இல்லை. "மெஷின் சுத்தம்மா, உங்க வீட்டுல எர்த் சரியில்ல" என்றார். வீட்டுக்கு வந்து போட்டால் மறுபடி சுருக். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் பிளக் பாயிண்டைச் சோதித்துவிட்டு, "எர்த் பக்காவா இருக்கு அக்கா, மெஷின்லதான் லீக்கேஜ்" என்றார். ஆளுக்கு ஆள் கை காட்டிவிட்டுப் போனார்கள். நான் மணைமேல் ஏறிக்கொண்டேன்.

போன மாதம் அதே எலக்ட்ரீஷியன் வேறு வேலையாக வந்திருந்தபோது, கிரைண்டர் எங்கே சொருகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தார். சுவர் பாயிண்ட் தூரம் என்பதால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகப் போகிறது. பொங்கலுக்குச் சீரியல் விளக்கு போட வீட்டுக்காரர் எங்கேயோ வாங்கிவந்தது. எலக்ட்ரீஷியன் அதன் ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர், அவ்வளவுதான். எர்த்துக்கான மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடு மட்டும் இருந்தது. ஒரு ஒயரும் தொட்டதே இல்லாமல், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த பளபளப்போடு. வெளியே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டு கம்பி. அதை விற்றவனை நான் இன்னும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போ மெக்கானிக் சொன்னது சரி, வீட்டில்தான் கோளாறு என்றேன். "அவசரப்படாதீங்க" என்று எர்த்தும் சேர்த்து மூன்று கம்பி உள்ள ஒயர் போட்டு கிரைண்டரை ஓடவிட்டார். டப். வீடே இருட்டு. மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற சுவிட்ச், விழுந்துவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி டப்.

அந்த ஆர்சிசிபி எட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. இத்தனை நாள் ஏன் தூங்கியது என்று கேட்டேன். அது 30 மில்லி ஆம்பியர் வாக்கில் கசிந்தால்தான் விழுமாம். கசிவு போக எர்த் வழி இல்லாதபோது, கிடைத்த ஒரே வழி நான்தான். நான் செருப்பும் மணையுமாக நின்றதால் என் வழியாகப் போனது சொற்பம். ஒரு மில்லி ஆம்பியரே உடம்புக்குத் தெரியும், பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம் என்றார். வெறுங்காலோடு, ஈரத்தரையில், யாராவது... சரி, அதற்குமேல் யோசிக்கவில்லை.

கிரைண்டரைக் கவிழ்த்தால் கதை தெரிந்தது. ட்ரம்மிலிருந்து வழிந்த மாவுத்தண்ணீர் அடித்தட்டில் இறங்கிக் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. மோட்டாருக்குப் போகும் ஒயர் தகட்டின் ஓரத்தில் உரசி, தோல் போய்ச் செம்பு தெரிந்தது. அந்த இடத்தில்தான் பொருக்கு. ஈரமானால் கசிவு, காய்ந்தால் சாது. கடைக்குப் போனபோது கழுவித் துடைத்துக் காயவைத்தல்லவா கொடுத்தேன்! போதாததற்குக் கடையில் எர்த் இருந்தது. இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஆளுக்குப் பாதி சொன்னார்கள்.

புது ஒயர், அதற்கு ஒரு ரப்பர் உறை, பெல்ட் எல்லாம் சேர்த்து 850 ரூபாய். அந்த ரப்பர் உறை பத்து ரூபாய்கூட இருக்காது. அதைக் கம்பெனியே போட்டிருக்கலாம். தண்ணீர் ஊற்றி அரைக்கிற சாமானில் தண்ணீர் வழியும் என்று அவர்களுக்குத் தெரியாதா? எனக்குத் தீராத ஆத்திரம் இதில்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கள் தப்பு, மூன்று வருடம் மணைமேல் நின்றதும் எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இது அவர்கள் தப்பு.

நேற்று அரைத்தேன். புறங்கையால் தடவிப் பார்த்தேன், ஸ்டீல் ஸ்டீலாக இருந்தது. மாவும் பஞ்சு மாதிரி வந்தது. நாத்தனார் கேட்டதற்குப் பதில்: வேண்டாம், வேறு மாடல் பார். கடையிலேயே கவிழ்த்துக் காட்டச் சொல், ஒயர் தகட்டில் உரசாமல் போகிறதா என்று பார்த்து வாங்கு. மாவுக்கு ஐந்துக்கு ஐந்து, கிரைண்டருக்கு இரண்டு. இதை நேற்று சாயங்காலம் இட்லி சாப்பிட்ட கையோடு எழுதியிருந்தால் மூன்று போட்டிருப்பேன்.

மணையை எடுத்துப் பரணில் போடச் சொல்கிறார் வீட்டுக்காரர். போடலாம், அடுத்த மழை போகட்டும்.