பெல்ட்ராமி கவுண்டியின் மூன்று ஏரிகள்: தூண்டிலுக்கு எது ஏற்றது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடிய எல்லைக்குச் சற்றுத் தெற்கே, காடும் சதுப்பும் நீரும் மாறிமாறி விரிந்து கிடக்கும் பெல்ட்ராமி கவுண்டியில் ஏரிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் வெளியூரிலிருந்து தூண்டிலோடு வருபவர்களின் விவாதம் பெரும்பாலும் அப்பர் ரெட் லேக், லேக் பெமிட்ஜி, காஸ் லேக் ஆகிய மூன்றைச் சுற்றியே நடக்கிறது. மூன்றிலும் தேடப்படும் முதன்மையான மீன் ஒன்றுதான். அது 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீனாக இருக்கும் வால்ஐ. மீன் ஒன்றாக இருந்தும், அது எந்த மணியில் இரையெடுக்கும், எத்தனை அடி ஆழத்தில் கிடைக்கும், எவருடைய சட்டத்துக்கு உட்பட்டுப் பிடிக்க வேண்டும் என்பவை மூன்று ஏரிகளிலும் வெவ்வேறாக இருக்கின்றன.

எங்கே அதிக மீன் விழுகிறது என்று கேட்டுக்கொண்டு ஏரியைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. நீரின் ஆழத்தையும் நிறத்தையும் முதலில் பார்த்துவிட்டால், நாளின் எந்தப் பொழுது நமக்குக் கிடைக்கும், எத்தகைய படகு வேண்டும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்பவை பெரும்பாலும் தாமாகவே தெரிந்துவிடும்.

நீரின் நிறமும் ஆழமும்

வால்ஐ மீனின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கிய வெளிச்சத்தில் அதன் பார்வை கூர்மையாக இருக்கும். அதன் இரையாகும் சிறு மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே தெளிந்த நீருள்ள ஏரியில் அது விடியலிலும் அந்தியிலும் இரவிலும் வேட்டையாடி, நடுப்பகலில் ஆழத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. கலங்கிய நீரில் இந்த ஒழுங்கு தளர்ந்து, பகல் முழுவதும் தூண்டில் அசைவதற்கு வாய்ப்பு உண்டாகிறது.

அப்பர் ரெட் லேக் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அகாசிஸ் என்னும் பனியுகப் பேரேரி வடிந்தபோது எஞ்சிய தட்டையான படுகை அது. பெரும்பகுதியில் ஆழம் 15 அடியைத் தாண்டாது. சுற்றிலும் உள்ள கரிச்சதுப்புகளிலிருந்து வடியும் நீர் அதற்குத் தேநீர்ச் சாயத்தைத் தந்திருக்கிறது. அந்தச் சதுப்பைக் காண விரும்புவோர், வாஸ்கிஷ் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள பிக் பாக் மாநில உல்லாசப் பகுதியில் சுமார் ஒரு மைல் நீளமுள்ள மரநடைபாதையில் நடந்து பார்க்கலாம். கடும் காற்றால் படகை இறக்க முடியாத நாளுக்கு அது நல்ல மாற்று. ஏரியின் அடித்தளத்தில் மேடும் பள்ளமும் மிகக் குறைவு என்பதால், மீன் ஓரிடத்தில் கூடிக் கிடக்காமல் எங்கும் பரவித் திரிகிறது. வழிகாட்டியும் விலையுயர்ந்த சோனார் கருவியும் இல்லாத ஒருவர்கூட ஓரிடத்தில் நங்கூரமிட்டு, ஜிக் என்ற எடைத்தலை கொண்ட முள்ளில் ஷைனர் என்ற சிறு இரைமீனைக் கோத்து இறக்கினால், மீன் அவரைத் தேடி வருவதற்கு நியாயமான வாய்ப்பு உண்டு. புதியவருக்கு இதைவிடப் பெரிய சலுகையை எந்த ஏரியும் தராது.

காஸ் லேக் இதற்கு நேர் எதிரானது. சுமார் 16,000 ஏக்கர் பரப்பும், மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ 120 அடியும் கொண்ட அந்த ஏரியில் நீரடி மேடுகள், செங்குத்தாக இறங்கும் சரிவுகள், நீர்த்தாவர விளிம்புகள் ஆகியவை ஏராளம். மீன் அந்த விளிம்புகளைப் பற்றியே வாழ்வதால், மேட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை அறியாதவர் ஒரு நாள் முழுவதும் வெறும் நீரில் தூண்டிலை இறக்கிக்கொண்டிருக்கக் கூடும். லேக் பெமிட்ஜி அளவில் இதைவிடச் சிறியது. பரப்பு சுமார் 6,400 ஏக்கர், பெரும ஆழம் 76 அடி. ஆனால் குணத்தில் அது காஸ் லேக்கின் தம்பியே. இரண்டிலும் வரிக்குதிரைச் சிப்பி குடியேறிவிட்டது. பெமிட்ஜியில் அது 2018இல் கண்டறியப்பட்டது. நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் இந்தச் சிப்பி பெருகும் இடத்தில் நீர் மேலும் தெளிவடைவதால், பகல்நேர வால்ஐ வேட்டை அங்கே இன்னும் கடினமாகிறது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி நண்பகலில் இறங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அப்பர் ரெட் லேக்கின் மறுபிறப்பு

இந்த ஏரியின் கதையை அறியாமல் அதன் இன்றைய விதிகளைப் புரிந்துகொள்ள முடியாது. அப்பர், லோயர் என்ற இரு படுகைகளும் சேர்ந்து 2.8 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையவை. முழுவதுமாக மினசோட்டாவுக்குள் அமைந்த இயற்கை ஏரிகளில் இதுவே மிகப் பெரியது. இதில் அப்பர் படுகையின் கிழக்குப் பகுதியான சுமார் 48,000 ஏக்கர் மட்டுமே மாநிலத்தின் கீழ் வருகிறது. எஞ்சிய அனைத்தும் ரெட் லேக் ஓஜிப்வே என்ற பழங்குடி மக்களின் ஆட்சிக்குட்பட்ட பகுதி; மாநில உரிமம் அங்கே செல்லாது. 1889இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டில் ஏரியின் எந்தப் பகுதியையும் தாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அம்மக்களின் நீண்டகால நிலைப்பாடு.

பல தலைமுறைகளாக ஒருபுறம் செவுள் வலை கொண்டு வணிக மீன்பிடிப்பும், மறுபுறம் தூண்டில்காரர்களின் அளவு மீறிய பிடிப்பும், இரண்டுக்கும் இடையில் கள்ளச் சந்தையும் தொடர்ந்ததன் விளைவாக, 1990களின் நடுப்பகுதியில் வால்ஐ மீன்வளம் அடியோடு சரிந்தது. 1997இல் ஓஜிப்வே மீனவர்கள் தாங்களாகவே முன்வந்து வணிக மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். வருவாயை இழந்து எடுக்கப்பட்ட அந்த முடிவுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்றைய சுற்றுலாக் கையேடுகளில் கிடைப்பதில்லை. 1999இல் பழங்குடி அரசும் மாநில அரசும் கூட்டு மீட்புத் திட்டத்தில் கையெழுத்திட்டன; வால்ஐ பிடிப்பதற்கு முழுத் தடை விதிக்கப்பட்டது; 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் கோடிக்கணக்கான மீன்குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. ஏழாண்டுத் தடைக்குப் பின் 2006 மே மாதத்தில்தான் ஏரி மீண்டும் வால்ஐ தூண்டிலுக்குத் திறக்கப்பட்டது. அப்போதும் ஒருவருக்கு இரண்டு மீன் என்ற கடும் வரம்போடு.

வால்ஐ இல்லாத அந்த இடைக்காலத்தில் கிராப்பி என்ற மீன் பெருகி, பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்களை ஈர்த்தது. வால்ஐ மீண்டதும் கிராப்பியின் பெருக்கம் அடங்கியது. கிராப்பிக்காக இன்று அங்கே செல்ல நினைப்பவர் இருபதாண்டு தாமதமாகக் கிளம்புகிறார் என்றே சொல்ல வேண்டும்.

வால்ஐ பெருமளவில் மீண்டாலும், விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டே இருக்கின்றன. முந்தைய பருவத்தில் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதைக் கணக்கிட்டே அடுத்த பருவத்தின் எண்ணிக்கை வரம்பும் நீள வரம்பும் அறிவிக்கப்படுவதால், சென்ற ஆண்டின் நினைவை நம்பிப் படகில் ஏறக் கூடாது. எல்லைக் கோட்டைத் தாண்டுவதும் அத்துமீறலாகும். நீரின் மேல் கோடு தெரியாது என்பதால், இருப்பிடம் காட்டும் கருவி இல்லாமல் மேற்கு நோக்கிப் படகைச் செலுத்துவது அறிவுடைமையாகாது.

காஸ் லேக்கும் அதன் தீவும்

பெல்ட்ராமி, காஸ் என்ற இரு கவுண்டிகளும் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏரி லீச் லேக் ஓஜிப்வே மக்களின் நிலப்பகுதிக்குள் அமைந்துள்ளது. ஆனால் ரெட் லேக்கில் இருக்கும் தடை இங்கே இல்லை. 1970களின் தொடக்கத்தில் நீதிமன்றம் அம்மக்களின் மீன்பிடி உரிமையை உறுதி செய்தபின் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மாநில உரிமம் பெற்றவர்கள் ஏரி முழுவதும் மீன் பிடிக்கலாம். உரிம வருவாயில் ஒரு பங்கை மாநிலம் பழங்குடி அரசுக்கு அளிக்கிறது. ஒரே கவுண்டியில், ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மக்கள் மாநிலத்தோடு இவ்வளவு வேறுபட்ட ஏற்பாடுகளைக் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது.

ஏரியின் நடுவில் ஸ்டார் தீவு. அந்தத் தீவுக்குள் விண்டிகோ என்ற இன்னோர் ஏரி. 1820இல் ஆய்வுப் பயணமாக இங்கு வந்த மிச்சிகன் ஆட்சிப்பகுதி ஆளுநர் லூயிஸ் காஸ், மிசிசிப்பி இந்த ஏரியில்தான் பிறக்கிறது என்று கருதித் திரும்பிவிட்டார். 1832இல் ஆய்வுப் பயணி ஹென்றி ஸ்கூல்கிராஃப்டை உண்மையான ஊற்றான இடாஸ்கா ஏரிக்கு அழைத்துச் சென்றவர் ஓசாவின்டிப் என்ற ஓஜிப்வே தலைவர். பெயர் மட்டும் காஸிடமே தங்கிவிட்டது.

தூண்டில்காரரைப் பொறுத்தவரை காஸ் லேக்கின் தனிச்சிறப்பு மஸ்கி என்ற பெரிய வேட்டை மீன். குளிர்ந்த ஆழத்தில் வாழும் டல்லிபீ என்ற கொழுத்த மீன் இங்கே இரையாகக் கிடைப்பதால், மஸ்கியும் அதன் இனத்தைச் சேர்ந்த பைக் மீனும் பெரிதாக வளர்கின்றன. மஸ்கிப் பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. மாநிலத்தின் பொது விதிப்படி 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், நடைமுறையில் ஏறக்குறைய ஒவ்வொரு மீனும் நீருக்கே திரும்புகிறது. உணவுக்காக மீன் பிடிப்பவருக்கு இது வீண் உழைப்பாகத் தோன்றலாம். மறுப்பதற்கில்லை. வாணலிக்கு மீன் வேண்டுமானால் இதே ஏரியில் மஞ்சள் பெர்ச் உண்டு; ருசியில் அது வால்ஐக்கு இளைத்ததல்ல.

காஸ் லேக்கின் உண்மையான குறை காற்று. பரந்த திறந்த நீரில் வடமேற்குக் காற்று எழுந்தால் சிறு படகு தாக்குப்பிடிக்காது. ஆழம் குறைந்த அப்பர் ரெட் லேக்கில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுவதால் அங்கும் ஆபத்து குறைவன்று. ஆனால் காஸ் லேக்கில் ஸ்டார் தீவின் மறைவில் ஒதுங்க இடமுண்டு, ரெட் லேக்கில் அதுவும் இல்லை.

பெமிட்ஜியைப் பற்றிச் சில வரிகள்

பெமிட்ஜி நகரம் இந்த ஏரியின் கரையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு கரையில், மாநிலப் பூங்கா வடகரையில். மிசிசிப்பி ஆறு ஒரு பக்கம் நுழைந்து கிழக்கே வெளியேறுகிறது. குடும்பத்தோடு வருபவருக்கு, மீன் பிடிக்காத உறுப்பினர்களும் பொழுது போக்க வேண்டும் என்றால், இதற்கு இணை இல்லை. 1937இல் கரையோரம் எழுப்பப்பட்ட, அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளின் ராட்சத மரம்வெட்டி பால் பன்யனின் சிலையும் அவனுடைய நீல எருதும் குழந்தைகளுக்குப் போதும். மே மாத நடுவில் பருவம் திறக்கும் முதல் வாரங்களில், முட்டையிட்டு முடித்த வால்ஐ ஆழம் குறைந்த இடங்களிலும் ஆற்று வாயிலருகிலும் நிற்கும்போது இங்கே நல்ல பிடிப்பு கிடைக்கும். ஜூலை நடுப்பகலில் பொழுதுபோக்குப் படகுகளின் சந்தடியோடு போட்டியிட வேண்டியிருக்கும். தீவிரமான தூண்டில்காரருக்கு நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

பனிக்காலம்

குளிர்காலத்தில் தரவரிசை மாறுகிறது. ஆழம் குறைவு என்பதால் அப்பர் ரெட் லேக் மற்ற இரண்டுக்கும் முன்பே உறைகிறது. ஆழமான காஸ் லேக்கில் திறந்த நீர் உறைவதற்கு நெடுநாள் பிடிக்கும். ஆகவே நவம்பர் இறுதியில் மினசோட்டாவின் தெற்கிலிருந்தெல்லாம் பனிக்குடில்களை இழுத்துக்கொண்டு ஆட்கள் வாஸ்கிஷை நோக்கி வருகிறார்கள். இந்த அவசரத்துக்கு விலை உண்டு. 2022 நவம்பர் 28 அன்று பனித்தட்டு கரையிலிருந்து பிரிந்து நகர்ந்ததில் சுமார் 200 பேர் அதன் மேல் சிக்கினார்கள். 2023 டிசம்பர் இறுதியிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களை அதேபோல் மீட்க வேண்டியதாயிற்று. இரு முறையும் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள். புதிதாக உறைந்த தெளிந்த பனியில் நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலம் வேண்டும் என்பது மாநில இயற்கைவளத் துறையின் அறிவுரை. ஆனால் பரந்த ஏரியில் தடிமனை மட்டும் அளந்து நிறைவடைவது போதாது. கரையை விட்டு விலகி வீசும் காற்று, தடித்த பனியையும் மொத்தமாக உடைத்து நகர்த்திவிடும். முதல் பனிக்கு விரையாமல் ஜனவரி வரை காத்திருப்பவருக்கு, உள்ளூர் விடுதிக்காரர்கள் நாள்தோறும் பரிசோதித்துப் பராமரிக்கும் பனிச்சாலைகளின் துணையோடு, மூன்றில் அப்பர் ரெட் லேக்கே சிறந்தது. பெர்ச் மட்டும் போதும் என்பவர் பெமிட்ஜியிலேயே அமர்ந்துகொள்ளலாம்.

எவருக்கு எது

ஒரே ஒரு நாள், வாடகைப் படகு, அனுபவம் குறைவு என்றால் தயக்கமின்றி அப்பர் ரெட் லேக். அதுவும் மே மாத இறுதியில், டாமராக் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில். சொந்தப் படகும் சோனார் கருவியும் வைத்திருந்து, ஒரு வாரம் தங்கி ஏரியைப் படிக்கும் பொறுமை உள்ளவருக்குக் காஸ் லேக். அங்கே செப்டம்பரில் கூட்டம் வடிந்தபின் கிடைக்கும் மஸ்கி வேட்டையை இந்தக் கவுண்டியில் வேறெங்கும் பெற இயலாது. என் சொந்த வாக்கும் அதற்கே.

ஒரே பயணத்தில் இரண்டு ஏரிகளைப் பார்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெமிட்ஜி, காஸ் ஏரிகளின் நீர் மிசிசிப்பியோடு தெற்கே மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. ரெட் லேக்கின் நீர் வின்னிப்பெக் ஏரி வழியாக வடக்கே ஹட்சன் விரிகுடாவை அடைகிறது. ஒரு வடிநிலத்து உயிரினத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசேர்க்க ஒரு படகின் அடியில் தேங்கிய நீரே போதும். எனவே கரையேற்றியதும் வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை முழுவதுமாக வடித்துவிட்டு, பயணம் முடியும் வரை அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மிஞ்சிய இரை மீன்களை வேறு ஏரியில் பயன்படுத்த விரும்பினால், அவை இருக்கும் ஏரி நீரைக் கொட்டிவிட்டுக் குழாய் நீரையோ கடையில் வாங்கிய நீரையோ மாற்ற வேண்டும். பகலில் பெமிட்ஜி, மாலையில் ரெட் லேக் என்று திட்டமிடுபவர் இதற்கான நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.