ஆறு வருடமாக ஓடும் குழாய்கள்: மீன் தொட்டிக்கு பிவிசி ஒட்டிய அனுபவம்

என் 300 லிட்டர் மீன் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒரு சம்ப், அதாவது கீழ்த்தொட்டி, இருக்கிறது. மேலிருந்து தண்ணீர் தானாக இறங்கும், பம்ப் அதைத் திரும்ப ஏற்றும். இரண்டு பாதைக்குமான பிவிசி குழாய்களை நானே வெட்டி ஒட்டி ஆறு வருடம் ஆகிறது. ஒட்டிய இணைப்புகள் பதினேழு. அதில் கசிந்தது ஒன்றே ஒன்று. ஆனால் எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக் கூடாது என்பது புரிய எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

சால்வென்ட் சிமென்ட்டை நாம் பசை என்று சொன்னாலும் அது செய்கிற வேலை வேறு. குழாயின் மேல்பரப்பையும், குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டான எல்போவின் உள்பரப்பையும் கரைத்து இளக்கிவிடுகிறது. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடும். அதனால்தான் அது அவ்வளவு உறுதி, அதனால்தான் கழற்றவும் முடியாது. பிவிசி, சிபிவிசி, ஏபிஎஸ் என ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனி சிமென்ட் உண்டு. டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் என்னைக் குழப்பியது அளவு. எல்போவின் வாய் உள்ளே போகப் போகச் சற்றே குறுகும். சிமென்ட் இல்லாமல் செருகினால் குழாய் பாதி தூரத்தில் இறுகி நின்றுவிடும். சிமென்ட் தடவியதும் வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கிவிடும். வெறுமனே செருகிப் பார்த்து அளந்து வெட்டினால், ஒட்டிய பிறகு மொத்த நீளம் குறைந்து பம்ப்பின் வாய்க்குக் குழாய் எட்டாது. எல்போவின் உள்ளாழத்தை அளந்து, குழாயில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது. எல்போ எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கும் இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவேன். சிமென்ட் போட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

வெட்டிய முனை நேராக இருக்க வேண்டும். பிசிறை அரத்தால் எடுத்து, வெளி விளிம்பைக் கொஞ்சம் சரிவாக்க வேண்டும். கூரான விளிம்பு சிமென்ட்டை வழித்து உள்ளே தள்ளிவிடும். குழாயில் தாராளமாக, எல்போவின் உள்ளே மெலிதாகத் தடவி, கால் சுற்று திருப்பியபடி அடிவரை அழுத்துங்கள். அப்புறம் கையை எடுக்காமல் அரை நிமிடம் பிடித்திருங்கள். குறுகலான வாய் என்பதால் குழாய் மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். எனக்குக் கசிந்தது அப்படித்தான். அவசரத்தில் விட்டுவிட்டேன், பென்சில் கோடு வெளியே வந்திருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

கசிந்த இடத்துக்கு வெளியே சிமென்ட் பூசிப் பார்த்தேன், பலனில்லை. வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே இரண்டு எல்போக்களை மிக நெருக்கமாக வைத்திருந்ததால், வெட்டிய குழாய்களை நேராக இணைக்கும் கப்ளர் போட நேர்க்குழாய் மிச்சமில்லை, அந்தப் பகுதியே போயிற்று. இப்போது எந்த இரண்டு இணைப்புக்கு நடுவிலும் ஒரு கப்ளர் உட்காரும் அளவுக்கு நீளம் விடுகிறேன்.

மூன்றாவது வருடம் பம்ப் நின்றது. ஏற்றும் பாதையில் யூனியன், அதாவது திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, போட்டிருந்தேன், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். இறங்கும் பாதையில் போடவில்லை. உள்ளே படிந்த சேற்றை எடுக்க அதை வெட்ட வேண்டி வந்தது. வால்வுக்கு இரு பக்கமும் யூனியன் போடச் செலவு கூடத்தான், ஆனால் இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். தொட்டிக்குள் நிற்கும் குழாயையும், சம்ப்பில் தண்ணீருக்குள் முடியும் வால் பகுதியையும் ஒட்டவே தேவையில்லை. அங்கே கசிந்தாலும் தண்ணீர் தொட்டிக்கோ சம்ப்புக்கோதான் போகும், கழுவக் கழற்றவும் சுலபம்.

மரை உள்ள இடத்தில் சிமென்ட் வேண்டாம், டெஃப்ளான் டேப் போதும். அதிலும் நிதானம் வேண்டும். டேப்பை நிறையச் சுற்றி ரெஞ்சால் முறுக்கினேன், ஐந்தாவது வருடம் வெளிப்பக்கத் துண்டு நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. இப்போது கையால் இறுக்கிவிட்டு, அதற்கு மேல் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மீன்களைப் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. நன்றாகக் காய்ந்த இணைப்பால் இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஒட்டி முழுதாக ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டிவிடுவேன். வாடை இருந்தால் இன்னும் ஒரு நாள் விடுவேன். ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது நமக்காக.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ தாளால் சுற்றித் துடைத்துப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் தெரியும். மெல்லக் கசிந்து காயும் இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு படியும், கடல்நீர்த் தொட்டி என்றால் உப்பு பூக்கும். போன வாரம் துடைத்தபோதும் தாள் காய்ந்தேதான் இருந்தது.