கழற்றிய சைலன்சரைத் திரும்ப மாட்டினேன்: டீசல் பிக்கப்பில் எட்டு வருட அனுபவம்

என் டீசல் பிக்கப் 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வாங்கி எட்டு வருடம் ஆகிறது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், டர்போ, கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப், யூரியா கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர், கடைசியில் சைலன்சர். இதில் 14 மாதங்கள் மட்டும் அந்தக் கடைசிப் பொருள் இல்லாமல் ஓட்டினேன். கம்பெனி சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருந்தேன். பிறகு பழையதையே திரும்ப மாட்டினேன். குழாயை அறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மாற்றியதற்குக் காரணம் எல்லோரும் சொல்வதுதான்: குழாய் அகலமானால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. டர்போ இன்ஜினுக்கு டர்பைனை (புகை சுழற்றும் டர்போ சக்கரம்) தாண்டிய பிறகு அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 3 அங்குலக் குழாயை 4 அங்குலமாக்கினால் புகை போகும் வழியின் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? என் வண்டியில் புகை முதலில் டிபிஎஃப்பின் மெல்லிய பீங்கான் சுவர்கள் வழியாகக் கசிந்து வர வேண்டும். அழுத்தத்தின் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது. அதற்கும் பின்னால் இருக்கும் சைலன்சரை எடுத்தால் மிச்சமாவது மிகக் கொஞ்சம். குழாயை மாற்றுவதற்கு முன்னும் பின்னும், டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஒரே மேட்டில் பலமுறை ஏறிப் பார்த்தேன். டர்போவுக்கு முன்னால் உள்ள புகைச் சூட்டில் வித்தியாசம் தெரியவில்லை. மைலேஜ் கணக்கை ஒரு வருடம் நோட்டில் எழுதினேன், அதிலும் இல்லை.

மாறியது சத்தம்தான். முதல் வாரம் எனக்கு அது மிகவும் பிடித்தது. டர்போவின் விசில் தெளிவாகக் கேட்டது, கால் அழுத்தும்போது ஒரு கனமான குரல் வந்தது. அப்புறம் நெடுந்தூரப் பயணம் ஒன்று போனோம். 1,800 ஆர்பிஎம்மில் வண்டி நிலையாக ஓடத் தொடங்கியதும் கேபினுக்குள் ஓர் உறுமல் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே நிற்பவருக்கு அது பெரிய சத்தமே இல்லை. உள்ளே இருப்பவருக்கு மண்டைக்குள் அடிப்பதுபோல் இருக்கும். ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கிறது. 1,800 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 30 சுற்று, அதாவது 90 ஹெர்ட்ஸ் ஒலி. கேபின் ஒரு மூடிய பெட்டி. இந்த மாதிரித் தாழ்ந்த ஒலியோடு சேர்ந்து அதுவும் அதிரத் தொடங்கிவிடுகிறது. முன் சீட்டைவிடப் பின் சீட்டில் நிலைமை மோசம். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு மணி நேரம் கழித்து, "வண்டியை கொஞ்சம் நிறுத்துப்பா, தலை வலிக்குது" என்றார். என் ரசனைக்காக அவர் வலியோடு உட்கார்ந்திருந்தார் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

உறுமலைக் குறைக்க முயன்றேன். உள்ளே கண்ணாடி இழை அடைத்த, நேராகப் போகும் சிறிய ரெசொனேட்டர் (சத்தம் குறைக்கும் டப்பா) ஒன்றைச் சேர்த்தேன். சீறல் குறைந்தது, உறுமல் அப்படியே இருந்தது. இழை அடைத்த டப்பா உயர்ந்த ஒலியை விழுங்கும், தாழ்ந்த ஒலியை விட்டுவிடும். பக்கவாட்டில் ஒரு மூடிய கிளைக்குழாய் வைத்து அந்த ஒலியைத் திருப்பி அடிக்கலாம் என்றார்கள். கணக்குப் போட்டேன். புகை 200 டிகிரி சூட்டில் இருந்தால் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 435 மீட்டர் போகும். 90 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 1.2 மீட்டர். அவ்வளவு நீளக் குழாயை வைக்க வண்டிக்கு அடியில் இடமே இல்லை. சூடு மாறினால் கணக்கும் மாறும். கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் எதற்காக என்று அப்போதுதான் உண்மையாகப் புரிந்தது. வெவ்வேறு அளவுள்ள அறைகளில் ஒலியை மோதவிட்டு ஒன்றையொன்று அழிக்க வைக்கிறார்கள். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து வேகம் குறைக்கும் பிரேக்) போடும்போது அந்த அறைகள் இல்லாத குறை இன்னும் நன்றாகத் தெரிந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம்.

சத்தத்தைவிட எனக்குப் பெரிய பாடம் பொருத்தத்தில் கிடைத்தது. எக்ஸாஸ்ட் குழாய் வண்டியில் இறுக்கப்பட்ட பொருள் இல்லை, ரப்பரில் தொங்கும் பொருள். சூடேறினால் நீளும். டிபிஎஃப்பிலிருந்து நுனி வரை 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 409 ரகத் துருப்பிடிக்காத எஃகு 200 டிகிரி சூடேறும்போது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். 304 ரகம் 10 மில்லிமீட்டர் நீளும். (காந்தம் வைத்துப் பார்த்தால் 409 ஒட்டும், 304 பொதுவாக ஒட்டாது. கடையில் என்ன சொல்லி விற்றாலும் கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.) கம்பெனி இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் வளைத்திருக்கிறது. எனக்கு நேர்க்குழாய் செய்தவர் வண்டி குளிர்ந்திருக்கும்போது அளவெடுத்தார். சேசிஸிலிருந்து ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி. குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் மூன்று இருந்த இடத்தில் இரண்டுதான் வைத்தார். சூடேறியதும் லீஃப் ஸ்பிரிங் பக்கம் தட்டத் தொடங்கியது. ஒன்பதாவது மாதம் வெல்டிங் ஓரத்தில் முடி அளவு விரிசல். அதைச் சுற்றிக் கறை படிந்திருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. டிபிஎஃப் உள்ள பல பிக்கப்களில் குழாயின் நுனி வெறும் அலங்காரம் இல்லை. நுனிக்கு முன்னால் இடைவெளி விட்டு, போகும் புகையே வெளிக்காற்றை உள்ளே இழுத்துக் கலந்து சூட்டைத் தணிக்கும்படி செய்திருப்பார்கள். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏறும். அந்த நுனியை அறுத்துவிட்டுப் பளபளக்கும் குழாயை மாட்டினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி அப்படியே வெளியே வரும். காய்ந்த புல்மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். நான் நுனியை மட்டும் பழையதையே வைத்துக்கொண்டேன். அந்த 14 மாதங்களில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

"சார், அதையும் எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்று டிபிஎஃப்பைக் காட்டியும் நேர்க்குழாய் செய்தவர் சொன்னார். முடியாது என்றேன். அது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். எனக்குப் பின்னால் சைக்கிளில் வருபவரின் நுரையீரலுக்குள் என் வண்டியின் கரி போக வேண்டுமா என்பது இன்னொரு பக்கம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

நல்ல வேளையாக, கழற்றும்போது குழாயை அறுக்க விடவில்லை. குழாய்களை இணைத்துப் பிடிக்கும் துருப்பிடித்த கிளாம்ப்பில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவைத்து முழுசாகக் கழற்றியிருந்தேன். அதனால் திரும்ப மாட்டுவது ஒரு மதிய வேலையாக முடிந்தது. முதலில் எல்லா ஹேங்கரிலும் குழாயைத் தொங்கவிட வேண்டும். ஒரு கிளாம்ப்பையும் இறுக்கக் கூடாது. குழாய் ஓரத்தில் உள்ள வெட்டு அடுத்த குழாயின் மேட்டில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். சைலன்சர் சாய்ந்து நிற்காமலிருக்க அதுதான் வழி. ஸ்டெப்னி, ஷாஃப்ட், லீஃப் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் இடைவெளி பார்த்துவிட்டு, முன்னாலிருந்து பின்னாகப் புதிய கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று. பழைய கிளாம்ப்பைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இறுகிய பட்டை மறுமுறை சரியாகப் பிடிப்பதில்லை.

அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் செய்த வேலை ஒரு ஹேங்கர் ரப்பர் மாற்றியது மட்டும்தான், அதுவும் அதிகச் சூடு படும் முன் ரப்பர். டீசல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும், பக்கத்துக் கடைக்குப் போய் வருவது மாதிரிக் குட்டிப் பயணங்களில் அது ஆவியாகி வெளியேறாமல் சைலன்சர் அடியில் தேங்கும். அதற்காகவே அடியில் பொட்டு அளவில் ஒரு துளை இருக்கிறது. ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து யாராவது அதை வெல்டிங் வைத்து அடைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். சேறு அடைத்துக்கொண்டால் நான் ஒரு கம்பியால் குத்திவிடுகிறேன். மாதம் ஒருமுறை, வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு, குழாய் நுனிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். கரி ஒட்டினால் டிபிஎஃப்பில் விரிசல் என்று சந்தேகப்பட வேண்டும். போன மாதமும் விரல் சுத்தமாகத்தான் வந்தது.