ஃபைட்டர் மீன் கூட யாரை விடலாம்? மூணு வருஷம் பட்ட பாடு

"ஒத்தையா கெடக்கான் பாவம், ஒரு ஜோடி வாங்கி விடேன்டா"ன்னு எங்கம்மா சொன்னதுல ஆரம்பிச்சது எல்லாம். 2022 ஆகஸ்ட்ல கொளத்தூர்ல ஒரு கடையில பிளாஸ்டிக் கப்புல இருந்த ஹாஃப்மூன் ஃபைட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். கருநீலம், வாலை விரிச்சான்னா அரை வட்டமா நிக்கும், பேரு கருவாயன். ஜோடின்னு அம்மா சொல்றாங்களே தவிர இதுல ஜோடி எல்லாம் வேலைக்கு ஆகாது, ரெண்டு ஆம்பளை விட்டா சண்டை, பொட்டை மீனை விட்டாலும் முட்டை போட்டு முடிஞ்சதும் அடிச்சுத் தொரத்திடும். சரி வேற வகை மீனாவது விடுவோம்னு இறங்கினேன். இப்ப மூணு வருஷம் ஆகுது, தொட்டி அதே ரெண்டடி தொட்டிதான், தண்ணி ஒரு 60 லிட்டர் புடிக்கும், ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில மணல், செடிக்கு ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஒரு மூலையில ஜாவா மாஸ். ஃபைட்டர் மட்டும் இது ரெண்டாவது.

இவனுக்கு கூட்டாளி தேவையான்னு கேட்டா தேவையே இல்ல. மேல வந்து காத்தைக் குடிச்சுட்டு தன் எல்லையைச் சுத்தி வந்துட்டு நிம்மதியா கெடப்பான். ஆசை எல்லாம் நமக்குத்தான், ரெண்டடி தொட்டியில ஒத்த மீனைப் பாத்தா காலியா தெரியுது.

முதல் தப்பு கடைக்காரர் பேச்சைக் கேட்டது. "தம்பி இத விடுங்க, ஒண்ணும் பண்ணாது, சாதுவான மீனு"ன்னு அஞ்சு விடோ டெட்ரா குடுத்தார். நானும் ஃபைட்டர் அதுங்களை அடிச்சுடுமோன்னு ராத்திரி எல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். நடந்தது தலைகீழ். மூணாவது நாள் காலையில பாத்தா கருவாயன் வால் எலி கடிச்ச துணி மாதிரி இருக்கு. விடோ டெட்ரா, டைகர் பார்ப் இதெல்லாம் துடுப்பைக் கொறிக்கிற ஜாதி, அதுலயும் கொஞ்சமா வாங்கி விட்டா இன்னும் மோசம், கூட்டத்துக்குள்ள அடிச்சுக்க வேண்டியதை பக்கத்துல இருக்கவன் மேல காட்டும். ஹாஃப்மூன் அவ்ளோ பெரிய வாலைத் தூக்கிட்டு ஓடவும் முடியாது. எல்லாரும் ஃபைட்டர் மத்த மீனை கொன்னுடும்னு பயப்படறாங்க, எனக்கு முதல்ல அடி வாங்கினது ஃபைட்டர்தான். டெட்ராவைத் திருப்பிக் குடுத்துட்டு, நாட்டு வாதாம் மரத்து காஞ்ச இலையைப் போட்டு, தண்ணியை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, வால் திரும்ப வளர ரெண்டு மாசம் ஆச்சு.

அதே கடையில "பாசி தின்னும்"னு ஒரு சக்கர் ஃபிஷ்ஷும் தலையில கட்டினாங்க. விரல் நீளம் இருந்துச்சு, அழகாத்தான் இருந்துச்சு. அது ஒரு அடிக்கு மேல வளரும்னு வீட்டுக்கு வந்து படிச்சுத்தான் தெரிஞ்சுது, என் தொட்டியோட அகலமே ஒரு அடிதான். அதையும் திருப்பிக் குடுத்தாச்சு. தயவுசெஞ்சு ஏரியிலயோ கிணத்துலயோ கொண்டு போய் விட்டுடாதீங்க, ஏற்கனவே நம்ம ஊர் ஏரிகள்ல இது பெருகிப்போய் வலை போடறவங்க தலையில கை வச்சுட்டு இருக்காங்க.

அப்பறம் நியான் டெட்ரா. பாக்க சூப்பரா இருந்துச்சு, கருவாயனும் கண்டுக்கல, ஆனா நான் கொஞ்ச நாள் தனியா வைக்காம நேரா தொட்டியில விட்டேன் பாருங்க, ஒரே வாரத்துல எல்லாருக்கும் வெள்ளைப் புள்ளி நோய். உப்பைத் தூவின மாதிரி. மருந்து ஊத்தி மீதி பொழச்சுது, ஆனா அடுத்த மே மாசம் தண்ணி 32 டிகிரி போனப்ப ஒண்ணொண்ணா போயிடுச்சு. நியானுக்கு கொஞ்சம் குளிர்ந்த தண்ணி வேணும், ஃபைட்டருக்கு 26, 27 தான் சுகம், சென்னை வெயில்ல ரெண்டும் ஒத்துப்போகாது. இப்ப வெயில் காலத்துல தொட்டி மேல ஒரு சின்ன க்ளிப் ஃபேன் ஓடுது, ரெண்டு மூணு டிகிரி இறங்கும், தண்ணி மட்டும் சீக்கிரம் வத்தும், ஊத்திக்கிட்டே இருக்கணும்.

கப்பி பத்தி ஒரே வரி. கலரா நீள வாலோட இருக்கற எதுவும் ஃபைட்டர் கண்ணுக்கு இன்னொரு ஃபைட்டர்தான், ஒரே ராத்திரியில மூணு கப்பிக்கு வால் இல்ல.

உண்மையா உருப்படியா அமைஞ்சது கோரிடோரஸ், சுருக்கமா கோரி, அடியில மேயற சின்ன கெளுத்தி வகை. 2023 தொடக்கத்துல ஆறு ஆல்பினோ கோரி விட்டேன், அதுல அஞ்சு இன்னைக்கும் இருக்கு. ஃபைட்டர் மேல் தண்ணியில, இதுங்க அடியில, ரெண்டு பேரும் சந்திச்சுக்கறதே கம்மி. ஆறுக்கு கம்மியா வாங்காதீங்க, கொஞ்சமா இருந்தா மூலையில ஒடுங்கிக்கும். மணல் கண்டிப்பா வேணும், கூர் கல்லு போட்டா மீசை தேஞ்சு போயிடும். தொந்தரவு எங்க வந்துச்சுன்னா சாப்பாட்டுல. கோரிக்குன்னு மூழ்கற பெல்லட் போட்டா கருவாயன் அடி வரைக்கும் டைவ் அடிச்சு அதையும் முழுங்கிடுவான், ஒரு தடவை வயிறு கோலிக்குண்டு மாதிரி வீங்கி சாய்ஞ்சு நீந்தினான், ரெண்டு நாள் பட்டினி போட்டுத்தான் சரி ஆச்சு. அதுல இருந்து அவனுக்கு மொதல்ல நாலு பெல்லட், அப்பறம் லைட்டை அணைச்சு அரை மணி நேரம் கழிச்சு கோரிக்கு. எந்த மீன் கூட எது ஒத்துப்போகும்னு போடற சார்ட் எதுலயும் இந்த ஒரு விஷயத்தை நான் பாக்கல.

நெரைட் நத்தையும் நல்ல தேர்வு, ஓடு கெட்டி, கண்ணாடிப் பாசியை வழிச்சு எடுத்துடும், நல்ல தண்ணியில குஞ்சு பொரிக்காது அதனால பெருகாது. ஆனா கட்டை மேல எல்லாம் வெள்ளை வெள்ளையா முட்டையை ஒட்டி வைக்கும், சொரண்டினாலும் போகாது, எங்கம்மா அது ஏதோ வியாதின்னு இன்னும் நம்பறாங்க. மூடி போட்டு வைங்க. ஒண்ணு ராத்திரி ஏறி வந்து ஷூ ஸ்டாண்டு கீழ கெடந்துச்சு.

செர்ரி ஷ்ரிம்ப், அதாவது சின்ன சிவப்பு இறால், 15 விட்டேன். கருவாயன் பக்கத்துல போய் மோந்து பாத்துட்டு வந்துடுவான், அவ்ளோதான். மாஸ்ஸுக்குள்ள குட்டி போட்டு அம்பது அறுபது ஆயிடுச்சு. அப்ப நான் ஊருக்கே அட்வைஸ் பண்ணிட்டு திரிஞ்சேன், ஃபைட்டர் கூட ஷ்ரிம்ப் தாராளமா விடலாம், பயப்படாதீங்கன்னு.

2024 ஜூன்ல கருவாயன் போயிட்டான், வயசுதான், ஃபைட்டர் பொதுவா ரெண்டு மூணு வருஷம்தான் இருக்கும். ஒரு மாசம் கழிச்சு சிவப்புல ஒரு ப்ளகாட் வாங்கினேன், குட்டை வால் ரகம், பேரு மிளகா. அதே தொட்டி, அதே செடி, அதே கூட்டாளிங்க. விட்ட பத்தாவது நிமிஷம் ஒரு ஷ்ரிம்ப் காலி. குட்டை வாலுங்கறதால அம்பு மாதிரி பாயறான், மாஸ்ஸுக்குள்ள மூஞ்சியை விட்டு குட்டியை உறிஞ்சி எடுக்கறான். ஒரு ஆப்பிள் நத்தை இருந்துச்சு, அது மீசையை நீட்டறப்ப எல்லாம் புழுன்னு நெனச்சு கடிச்சு கடிச்சு அது ஓட்டை விட்டு வெளிய வர்றதையே நிறுத்திடுச்சு. மூணு வாரத்துல ஷ்ரிம்ப் கூட்டம் பாதி ஆச்சு, மீதியை அள்ளி பழைய ஒரு அடி தொட்டிக்கு மாத்தினேன், நத்தையும் அங்கதான். கோரியை மட்டும் ரெண்டு நாள் தொரத்திப் பாத்தான், அதுங்க சட்டையே பண்ணல, விட்டுட்டான்.

அதனால இப்ப யாராவது "ஃபைட்டர் கூட இந்த மீன் விடலாமா"ன்னு கேட்டா, உங்க ஃபைட்டர் எப்படின்னுதான் நான் திருப்பிக் கேக்கறேன். ஒரு கண்ணாடியைக் காட்டுங்க, ஒரு நிமிஷம் செவுளை விரிச்சுட்டு போயிடறானா இல்ல கண்ணாடியை எடுத்த பின்னாடியும் தேடிட்டு அலையறானா, அதுலயே பாதி தெரியும். புது ஆளை விடறதுக்கு முன்னாடி கட்டை, செடியை எல்லாம் இடம் மாத்தி வைங்க, இது என் எல்லைங்கற நெனப்பு அவனுக்கு கொஞ்சம் கலையும். முடிஞ்சா கூட்டாளிங்களை மொதல்ல விட்டு ஃபைட்டரை கடைசியா விடுங்க. தப்பா போச்சுன்னா மாத்தறதுக்கு ஒரு பக்கெட்டும் உபரி ஃபில்டரும் கையில இல்லாம இதுல இறங்காதீங்க, நான் ஒரு தடவை ராத்திரி பதினோரு மணிக்கு சமையல் பாத்திரத்துல மீனை மாத்தி அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அஞ்சு லிட்டர் பவுல்ல வச்சிருக்கறவங்க கூட்டாளி பத்தி யோசிக்கவே வேணாம், அதுல ஃபைட்டருக்கே இடம் பத்தாது.

இப்ப எட்டு ஹார்லிக்வின் ரஸ்போரா வாங்கியிருக்கேன். வெயிலை நியானை விட தாங்கும், வால் சின்னது, வேகமா ஒதுங்கும், கொறிக்கிற பழக்கமும் இல்ல. பால்கனி பக்கெட்ல தனியா இருக்கு, 12 நாள் ஆச்சு, இதுவரைக்கும் புள்ளி எதுவும் இல்ல. இன்னும் ரெண்டு வாரம் வச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன். மிளகா இப்பவே அந்தப் பக்கத்து கண்ணாடியில ஒட்டிக்கிட்டு பக்கெட்டையே பாத்துக்கிட்டு நிக்கறான்.