தோப்பு எலிக்குக் கூகையா, கிட்டியா, மருந்தா?

எங்கள் தோப்பு பட்டுக்கோட்டைப் பக்கம், புதாற்றுப் பாசனம். மொத்தம் 12 மா, அதாவது சுமார் நாலு ஏக்கர். 2018 நவம்பர் 16 கஜா புயல் ராத்திரியில் காய்ப்பு மரமெல்லாம் படுத்துவிட்டது. மறுபடி தென்னங்கன்று வைத்தபோது இடையில் கொய்யாவும் ஒட்டு மாவும் வைத்துச் சொட்டுநீரும் போட்டோம். எலி என்றால் என்னவென்று அதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

வளர்ந்த தென்னைக்கு எலி பெரிய பிரச்சினை இல்லை. மரத்தில் ஆளுயரத்துக்கு மேல் வழுவழுப்பான தகரத் தகட்டைச் சுற்றி அடித்து, பக்கத்து மரத்தோடு ஓலை உரசாமல் பார்த்துக்கொண்டால் குரும்பை தப்பும். கன்று அப்படி இல்லை. பெருச்சாளியும் கரம்பை எலியும் மண்ணுக்கடியில் வந்து குருத்தின் அடியைத் தின்னும். மேலே பார்த்தால் பச்சையாகத்தான் நிற்கும், ஓலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். முதல் வருடம் இப்படி 19 கன்று போயிற்று. சொட்டுநீர்க் குழாயில் கடித்த ஓட்டை எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மருந்து, கிட்டி என்ற மூங்கில் பொறி, கூகை என்ற ஆந்தை என்று மூன்றையும் வரிசையாகச் செய்து பார்த்தாகிவிட்டது. இன்றைக்கு நான் கூகை கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்தைப் பற்றித் தெரியாத விவசாயி இல்லை, அதனால் சுருக்கமாக. சிங்க் பாஸ்பைடு வேகம். 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து. இரண்டு மூன்று நாள் வெறும் பொரி வைத்துப் பழக்கிவிட்டு அப்புறம் கலந்து வைக்க வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. நேரே வைத்தால், கொஞ்சம் தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கமே வராது. புரோமாடியோலோன் கேக்கில் அந்தச் சிக்கல் இல்லை. அது மெதுவாக ரத்தத்தை உறையவிடாமல் செய்வது, எலி சாக நாலைந்து நாள் ஆகும். அந்த நாலைந்து நாள்தான் பிறகு எனக்குத் தலைவலியானது.

கிட்டி நம் ஊர்ச் சரக்கு. வளைத்துக் கட்டிய மூங்கில் வில், எலி இரையைத் தொட்டதும் கழுத்தைப் பிடித்துவிடும். சாயங்காலம் ஆள் வந்து வறுத்த அரிசியோடு கருவாட்டுத் துணுக்கு வைத்துக் கட்டிவிட்டுப் போவார், விடியற்காலையில் வந்து எலியை எண்ணிக் காசு வாங்கிக்கொள்வார். போன தடவை எலிக்கு 40 ரூபாய். நெல் வயலில் இதை அடிக்க எதுவும் இல்லை. தண்ணீர் பாய்ந்ததும் எலியெல்லாம் வரப்புக்கு ஏறிவிடும், வரப்பில் தடம் தெளிவாகத் தெரியும். தோப்பில் புல்லும் சருகும் மண்டிக் கிடக்கும்போது தடத்தைப் பிடிப்பது கஷ்டம் என்று கட்டுகிறவரே சொன்னார். எங்கள் கோழி ஒன்றும் மாட்டியது. அதைவிட, ஆள் கிடைக்க வேண்டும். சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலி தீனி தேடித் தோப்புக்குள் இறங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் கிட்டிக்காரரை ஊரே தேடும்.

இனி கூகை. ஆந்தை என்று பொதுவாகச் சொன்னாலும் நமக்கு வேண்டியது வெள்ளை முகம், ஆப்பிளை நெடுக்காக வெட்டின மாதிரி இதய வடிவ முகம் உள்ளது. கோபுரத்திலும் பாழுங்கிணற்றிலும் பனைப் பொந்திலும் கூடு வைப்பது. கண்ணை மட்டும் நம்பி வேட்டையாடும் பறவை இல்லை இது. ஒரு காது மேலே, ஒரு காது கீழே இருப்பதால் இருட்டில் சருகுக்கடியில் எலி நகரும் இடத்தைச் சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடும். சத்தமில்லாமல் வந்து தூக்கும். குஞ்சு இருக்கும் காலத்தில் அப்பனும் அம்மாவும் ராத்திரி முழுக்க அலையும்.

பருந்து, வல்லூறு வாங்கிப் பழக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டில் பழத்தோட்டத்துக்கு அப்படிக் கொண்டுவருகிறார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கூகையையும் வாங்க முடியாது. இடம் கொடுக்கலாம், வந்தால் உண்டு.

அந்த இடம்தான் கஜாவுக்குப் பிறகு இல்லாமல் போனது. பொந்து விழுந்த பழைய மரமெல்லாம் சாய்ந்துவிட்டதே. தச்சரை வைத்துப் பழைய பலகையில் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டடி நீளத்தில் பெட்டி செய்தேன். கூலியும் ஆணியும் சேர்த்து 1,400 ரூபாய். பம்பு செட்டுச் சுவரில் 15 அடி உயரத்தில், மழைச் சாரல் அடிக்காத பக்கமாக வாய் வைத்து மாட்டினேன். தோப்பு நெடுக ஏழெட்டு இடத்தில் கம்பு நட்டு, குறுக்குக் கட்டையில் வைக்கோல் சுற்றிவிட்டேன், பறவை உட்கார்ந்தால் வழுக்காது. கம்புக்கு உடனே பலன் தெரிந்தது. பகலில் வலியனும் கருந்தோள் பருந்தும், ராத்திரி கூகையும் உட்கார்ந்தன. பெட்டி மட்டும் 14 மாதம் சும்மா கிடந்தது. உடனே பலன் வேண்டுமென்பவர்கள் இந்த இடத்திலேயே கிட்டிக்குப் போய்விடலாம்.

பெட்டிக்குக் கூகை வந்தது தெரிந்தது எச்சத்தால் அல்ல, கக்கலால். எலியை முழுசாக விழுங்கிவிட்டு முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஒரு காலை பெட்டிக்குக் கீழே கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக, வார்னீஷ் பூசியது போலப் பளபளவென்று இரண்டு கிடந்தன. ஒன்றைத் தண்ணீர் டப்பாவில் ஊறப் போட்டுக் குச்சியால் பிரித்தேன். மண்டையோடு மூன்று. இரண்டில் கொறிக்கும் பல் மஞ்சளாக வளைந்து நின்றது. மூன்றாவது ஊசி மாதிரி நீண்ட மூக்கு, மூஞ்சூறு. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் இந்தக் கக்கலைப் பிரித்துத்தான் டெல்டா கூகை என்ன தின்கிறதென்று ஆராய்ந்தார்கள். கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி, மூஞ்சூறு எல்லாம் அதில் உண்டு.

பெட்டிப் பராமரிப்பு ஒன்றும் பெரிதில்லை. குஞ்சு இல்லாத சமயம் பார்த்து வருடம் ஒருமுறை கக்கலை வாரிக் கொட்ட வேண்டும், மைனாவும் தேனீயும் அடைந்தால் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து வயல்காரரைப் பராமரிப்பதுதான் வேலை. மூன்றில் எதை எடுப்பது என்பதை முடிவு செய்வது, என் கணக்கில், இந்த ஒன்றுதான்.

கூகைக்குத் தோப்பின் வேலி தெரியாது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றித் தீனி எடுக்கும். என் தோப்பில் நான் மருந்தை நிறுத்தி என்ன பயன்? புரோமாடியோலோன் தின்ற எலி சாகும் முன் நாலைந்து நாள் மந்தமாக வெளியில் திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. ஈரலில் இருக்கும் மருந்து அப்படியே கூகைக்குப் போய்ச் சேரும், எலிக்கு எலி கூடும்.

இரண்டாவது வருடம் மாசி மாதம் மேலண்டை வரப்போரம் ஒன்று செத்துக் கிடந்தது. இறக்கை பாதி விரிந்திருந்தது, மூக்கோரம் உறைந்த ரத்தம். மருந்துதான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஐந்தாறு நாள் முன்பு பக்கத்து வயல் மாமா வரப்பில் கேக் வைத்ததை நானே பார்த்தேன். போய்ச் சொன்னதற்கு, “நான் என் வரப்புலதானே மாப்ளே வச்சேன், உன் தோப்புக்குள்ளயா வந்தேன்?” என்றார். சரிதானே, என்ன பதில் சொல்வது?

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. இஸ்ரேலில் ஸ்டே எலியாகு என்ற கூட்டுப் பண்ணையில் 1983லேயே கூகைப் பெட்டி வைக்க ஆரம்பித்தார்கள், பேரீச்சந்தோப்பெல்லாம் உள்ள இடம். ஜோர்டான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜோர்டான் நாடு. அங்கே விஷம் வைத்தால் இங்கே பெட்டி வைத்து என்ன செய்வது? 2002ல் ஜோர்டான்காரர்களும் பாலஸ்தீனர்களும் திட்டத்தில் சேர்ந்தார்கள். அவ்வளவு பகை உள்ள நாடுகளே பேசி முடிக்கும்போது, ஒரு வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள நாங்கள் பேச முடியாதா?

பேசினோம். மாமாவின் வயலுக்குக் கிட்டி கட்டும் கூலியில் பாதி நான் கொடுப்பது, அவர் கேக் வைக்காமல் இருப்பது. போன சம்பாவில் 58 எலி, என் பங்கு 1,160 ரூபாய். கூகைக்கு நான் செய்யும் உண்மையான செலவு இதுதான், பெட்டிக் காசு இல்லை. தவிர்க்கவே முடியாமல் மருந்து வைத்தால் சிங்க் பாஸ்பைடாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். கேக் மாதிரி அது எலியின் ஈரலில் தங்கிச் சேர்வதில்லை, கூகைக்கு ஆபத்து குறைவு. வளைக்குள் போட்டு வாயை மண்ணால் அடைத்து, செத்த எலியைப் புதைத்துவிட வேண்டும். நாய்க்கும் மயிலுக்கும் மனிதனுக்கும் அதுவும் எமன்தான். பேசித் தீராத அக்கம்பக்கம் உள்ளவர்கள் பெட்டி வைக்காமலிருப்பதே நல்லது. கூகையை வரவழைத்துக் கொன்றது போலாகும்.

பலன் என்ன என்று கேட்டால், இந்த வருடம் போனது 3 கன்று. முழுப் பெருமையும் கூகைக்கு என்று சொல்லமாட்டேன். கன்றும் முற்றி அடி கெட்டியாகிவிட்டது, மாமா வயலில் கிட்டியும் ஓடியது. குழாய்க் கடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கொய்யாப்பழத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஏனென்றால் அதைத் தின்பது பெரும்பாலும் அணிலும் வௌவாலும் கிளியும். அடர்ந்த காய்ப்பு மாந்தோப்பில், கிளைக்குள்ளேயே குடியிருக்கும் எலியிடம் கூகை எவ்வளவு எடுக்கும் என்பதற்கு என் அனுபவம் உதவாது. என்னுடையது இன்னும் வெளிச்சம் விழும் இளந்தோப்பு.

இன்னொரு பெட்டியை மாமாவின் களத்துமேட்டுப் பூவரசில் மாட்டலாம் என்று கேட்டேன். அவருக்குச் சம்மதம். அத்தைதான், “சாவுக்குருவிய வாசல்ல கொண்டாந்து கட்டாதீங்க” என்கிறார். வீட்டுக்குக் கேட்காத தூரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு இலுப்பை மரம் இருக்கிறது. அறுப்பு முடிந்ததும் ஏணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மாமா.