விபிஎன்னா, ஜீரோ டிரஸ்ட்டா?

வீட்டிலிருந்து பணிபுரிவோரை நிறுவனத் தரவுகளுடன் இணைக்க விபிஎன் (மெய்நிகர் தனியார் வலையமைப்பு) நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. பணியாளரின் கணினிக்கும் அலுவலக வலையமைப்புக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது பிறர் படிக்க முடியாத, பாதையை அது அமைக்கிறது. பழைய மென்பொருள்களுடனும் ஒத்துப்போகும். ஆனால் வாசலில் ஒருமுறை அடையாளம் காட்டி நுழைந்தவர், உள்ளே தனித் தடுப்புகள் இல்லாவிட்டால், தமக்குத் தொடர்பில்லாத கோப்புகளையும் எட்டிவிடலாம். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய்வழி நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டே நுழைந்தனர்.

யாரையும் முன்கூட்டியே நம்பாமல் ஒவ்வொரு கோரிக்கையையும் சரிபார்க்கும் ஜீரோ டிரஸ்ட் முறையில் இத்தகைய மொத்த அனுமதி கிடையாது. கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் ஊதியப் பட்டியலைத் திறக்க முயலும்போது, கேட்பவர் அவர்தானா, அவரது மடிக்கணினியின் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளதா, இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்பன சரிபார்க்கப்பட்டு, அந்தப் பட்டியலுக்கு மட்டுமே வழி திறக்கிறது.

சட்ட இணக்கத்தில்தான் வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், தரவு மீறலை அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்குமாறு பொதுவாகக் கோருகிறது. யார் எப்போது இணைந்தார் என்பதை மட்டும் காட்டும் விபிஎன் பதிவேட்டைவிட, எந்தத் தரவை யார் தொட்டார் என்று காட்டும் ஜீரோ டிரஸ்ட் பதிவேடு அந்த நெருக்கடியில் பெரிதும் உதவும்.

செலவும் உழைப்பும் ஜீரோ டிரஸ்ட்டுக்கே அதிகம். யாருக்கு எது தேவை என்ற பட்டியலே பல நிறுவனங்களில் இருப்பதில்லை. அந்தப் பட்டியல் தயாராகும்வரை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புடனும் பிரிக்கப்பட்ட வலையமைப்புடனும் கூடிய விபிஎன்னையே சிறிய நிறுவனங்களுக்குப் பரிந்துரைப்பேன்.